நூறு டொலர் மிச்சம்

2018 ஏப்ரல் மாதம், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எக்ளிண்டன் கிழக்கு 1911ஆம் இலக்க நீதிமன்றக் கட்டடத்தில், கண்ணாடி யன்னல் ஒன்றுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். எட்டு வருடத்துக்கு முன்னர் அதே கட்டடத்தில்தான் எனக்குத் தண்டனை வாசித்தார்கள். அதற்குப் பிறகு அந்தத் தெருவால் பஸ் போனாலும் மற்றப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அன்றைக்கு வேறு வழியில்லாமல்தான் உள்ளே போனேன்.

யன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் என் பெயரையும் பிறந்த திகதியையும் தட்டிப் பார்த்தார். "இழப்பீடு முழுக்கக் கட்டியிருக்கிறீர்கள். சர்சார்ஜ் நூறு டொலர் இன்னும் நிற்கிறது" என்றார். சர்சார்ஜ் என்பது குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான உதவிகளுக்கென்று தண்டனையோடு சேர்த்து விதிக்கும் ஒரு சிறிய தொகை. எனக்கு அப்படி ஒன்று இருந்ததே நினைவில்லை. கைப்பையைத் திறந்து ஐந்து இருபது டொலர் தாள்களை எண்ணிக் கொடுத்தேன். ரசீது தந்தார். வெளியே வந்து படியில் இருந்துகொண்டு அந்தச் சின்னத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தாள்தான் என் அடுத்த ஐந்து வருடத்தையும் தீர்மானிக்கப் போகிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

இதை எழுதுவதற்குக் காரணம், எங்கள் சனத்துக்குள் இதைப் பற்றி யாரும் வாய் திறந்து கதைப்பதில்லை. கனடாவில் ஒரு குற்றப்பதிவு இருந்தால், தண்டனை முடிந்து குறிப்பிட்ட காலம் ஒழுங்காக வாழ்ந்த பிறகு, அந்தப் பதிவை ஒதுக்கிவைக்கும்படி விண்ணப்பிக்கலாம். எல்லாரும் இன்னும் 'பார்டன்' என்றுதான் சொல்வோம். 2012இலிருந்து அதன் சட்டப் பெயர் ரெக்கோர்ட் சஸ்பென்ஷன். பெயர் எதுவாக இருந்தாலும், அதை எடுத்தவர்களும் எடுக்க வேண்டியவர்களும் ஒரே கலியாண மண்டபத்தில் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்து சாப்பிட்டுக்கொண்டு, ஒருவருக்கொருவர் தெரியாமல் இருக்கிறோம்.

நான் செய்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு பலசரக்குக் கடையில் காசாளராக வேலை செய்தேன். இரவில் கணக்கு முடிப்பதும் நான்தான், கடைத் திறப்பும் என்னிடம்தான் இருந்தது. 2008இல் அண்ணாவின் குடும்பம் இலங்கையில் போர் நடந்த வன்னிக்குள் இருந்தது. உண்டியலில், அதாவது வங்கியில்லாமல் ஆட்கள் மூலம், காசு அனுப்பிக்கொண்டிருந்தேன். என் சம்பளம் போதவில்லை. ஏழு மாதத்தில் கடையிலிருந்து 9,200 டொலர் எடுத்தேன். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட களவு என்று வழக்குப் போட்டார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டேன். 2010 பெப்ரவரியில் ஆறு மாத வீட்டுக்காவலும், அதற்குப் பிறகு ஒரு வருட நன்னடத்தைக் கண்காணிப்பும், முழுத் தொகைக்கு இழப்பீடும், அந்த நூறு டொலர் சர்சார்ஜும் தீர்ப்பாக வந்தது. இவர், என் கணவர், சீட்டு எடுத்துத் தந்தார், நான் இடியப்பக் கடை ஒன்றில் சமையலறை வேலைக்குப் போனேன். 2011 ஓகஸ்டில் நன்னடத்தைக் காலம் முடிவதற்குள் இழப்பீட்டைக் கடைசிச் சதம் வரை கட்டி முடித்தோம். அன்றைக்குக் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. சட்டத்தின் கணக்கில் தண்டனை என்பது சிறையும் கண்காணிப்பும் மட்டும் இல்லை. தண்டப்பணம், சர்சார்ஜ், வழக்குச் செலவு, இழப்பீடு என்று நீதிமன்றம் கட்டச் சொன்ன அத்தனையும் கட்டி முடித்த நாள்தான் தண்டனை முடிந்த நாள். காத்திருக்க வேண்டிய காலம் அன்றைக்குத்தான் ஓடத் தொடங்கும். நான் 2011இலிருந்து மனதுக்குள் எண்ணிக்கொண்டு வந்த ஏழு வருடத்தில் ஒரு நாள்கூடக் கணக்கில் சேரவில்லை. யாரும் எனக்குக் கடிதம் போடவும் இல்லை, தேடி வரவும் இல்லை. நூறு டொலர் தன்பாட்டில் நின்றுகொண்டிருந்தது.

உங்களுக்கோ உங்கள் வீட்டில் யாருக்கோ பழைய வழக்கு ஒன்று இருந்தால், மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது இதுதான். தண்டனை விதித்த நீதிமன்றத்தின் குற்றவியல் அலுவலகத்துக்குப் போய், கட்ட வேண்டியது ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்று சொன்னால் அதை எழுத்தில் வாங்குங்கள். இருந்தால் அன்றைக்கே கட்டி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கைவிரல் அடையாளம், படிவம் எல்லாம் பிறகு பார்க்கலாம்.

நான் அந்த யன்னலுக்கு முன்னால் போய் நின்றதற்குக் காரணம் ஒரு படிப்பு. பி.எஸ்.டபிள்யூ. வேலை, அதாவது முதியவர்களையும் நோயாளிகளையும் பராமரிக்கும் வேலைக்குப் படிக்கச் சேர்ந்திருந்தேன். அம்மாவைக் கடைசிக் காலத்தில் நான்தான் பார்த்தேன். அந்த வேலை எனக்குக் கைவந்திருந்தது. வகுப்பு நன்றாகத்தான் போனது. பயிற்சிக்கு முதியோர் இல்லத்துக்குப் போக முன்னர் பொலிஸ் அறிக்கை வேண்டும் என்றார்கள். வல்னரபிள் செக்டர் செக் என்பார்கள், பிள்ளைகளோடும் முதியவர்களோடும் வேலை செய்கிறவர்களுக்கான விரிவான சோதனை அது. பதிவு அதில் வந்தது. பயிற்சி இடம் கிடைக்கவில்லை. கட்டிய காசில் பாதியும் திரும்ப வரவில்லை. வீட்டில் பிள்ளைக்கு, இடுப்பு வலி, படிக்க முடியவில்லை என்று சொன்னேன்.

இதற்கு முன்னரும் ஒரு தடவை முயற்சி செய்திருந்தேன். 2013இல் விளம்பரம் ஒன்றைப் பார்த்து, பார்டன் எடுத்துத் தரும் தனியார் அலுவலகம் ஒன்றுக்குப் போனேன். "உத்தரவாதம்" என்று சொல்லி 400 டொலர் முற்பணம் வாங்கினார்கள். பிறகு, பத்து வருடம் ஆகவேண்டும், அதுவரை கோப்பைத் திறந்து வைத்திருக்கிறோம் என்றார்கள். நீதிமன்றத்தில் ஏதாவது மிச்சம் நிற்கிறதா என்று அவர்கள் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் எனக்கு ஐந்து வருடம் மிஞ்சியிருக்கும். இந்த விண்ணப்பத்துக்குச் சட்டத்தரணியும் தேவையில்லை, முகவரும் தேவையில்லை. முடிவு எடுப்பது கனடா பரோல் சபை மட்டும்தான். முகவர் மூலம் போனால் முன்னுரிமையும் கிடையாது. உத்தரவாதம் என்ற சொல்லைக் கேட்டால் எழும்பி வந்துவிடுங்கள். துணை தேவையென்றால் ரொறன்ரோவில் ஜோன் ஹவர்ட் சங்கமும், பெண்களுக்கு எலிசபெத் ஃப்ரை அமைப்பும் இருக்கின்றன. சட்ட விளக்கம் தேவையானவர்களுக்கு ஒன்ராறியோவின் சமூகச் சட்ட உதவி நிலையங்கள் இருக்கின்றன.

அப்படி ஒரு சட்ட உதவி நிலையத்தில்தான் என் கணக்குத் தெளிந்தது. அங்கிருந்த சட்டத்தரணி, வயதில் என் மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர், என்னிடம் முதலில் கேட்ட கேள்வி, "குற்றம் நடந்தது எந்த வருடம்?" தண்டனை கிடைத்த வருடத்தைச் சொன்னேன். "அது இல்லை அன்ரி, செய்தது எப்போது?" என்று திரும்பக் கேட்டார். 2008 என்றேன். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

காரணம் இதுதான். 2012 மார்ச்சில் சட்டத்தை இறுக்கினார்கள். சிறிய குற்றமாக, அதாவது சமரி முறையில் நடந்த வழக்குக்குக் காத்திருக்கும் காலம் மூன்று வருடத்திலிருந்து ஐந்து வருடமாகவும், பாரதூரமானதாக, இண்டைற்றபிள் முறையில் நடந்த வழக்குக்கு ஐந்திலிருந்து பத்து வருடமாகவும் கூடியது. முன்னர் குற்றம் செய்தவர்களுக்கும் அதே கணக்கைப் போட்டார்கள். ஒருவர் குற்றம் செய்தபோது இல்லாத சுமையைப் பிறகு ஏற்றுவது அரசியலமைப்புக்கு முரண் என்று 2017இல் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் ஒன்ராறியோவிலும் நீதிமன்றங்கள் சொல்லின. 2020இல் ஃபெடரல் நீதிமன்றத் தீர்ப்போடு அது நாடு முழுவதற்கும் வந்தது. ஆகவே என் குற்றம் 2008இல் நடந்தபடியால் எனக்குப் பத்து இல்லை, ஐந்து. ரசீதின் திகதி 2018 ஏப்ரல். அதிலிருந்து ஐந்து, 2023 ஏப்ரல். பழைய வழக்கு உள்ளவர்கள் குற்றம் நடந்த திகதியைச் சரியாகத் தெரிந்துவைத்திருப்பது எவ்வளவு பெறுமதி என்று பாருங்கள்.

இன்னொன்று. பல குற்றங்களை அரச தரப்பு இரண்டில் எந்த முறையிலும் கொண்டு நடத்தலாம். சாதாரண தாக்குதல், மதுபோதையில் வாகனம் ஓட்டுதல் எல்லாம் அப்படித்தான். எந்த முறையில் நடந்தது என்பதைப் பொறுத்து ஐந்தா பத்தா என்று மாறும். அதை நீங்கள் நினைவிலிருந்து சொல்ல முடியாது, நீதிமன்றத் தாள்தான் சொல்லும். குற்றத்தை ஒப்புக்கொண்டாலும் 'டிஸ்சார்ஜ்' கொடுத்து விட்டிருந்தால் அது குற்றத்தீர்ப்பே இல்லை. நிபந்தனையில்லாததென்றால் ஒரு வருடத்திலும், நிபந்தனையுள்ளதென்றால் மூன்று வருடத்திலும் அது தானாகவே எடுபட வேண்டியது. அதற்குப் பார்டன் தேவையில்லை. சிறிதளவு கஞ்சா வைத்திருந்ததற்காக மட்டும் பதிவு உள்ள இளம் பிள்ளைகளுக்கு 2019இலிருந்து கட்டணமும் இல்லை, காத்திருப்பும் இல்லை. இது தெரியாமல் மகனுக்காக முகவருக்குக் காசு கட்டிய ஒரு தாயை எனக்குத் தெரியும்.

2022 ஜனவரி 1ஆம் திகதி விண்ணப்பக் கட்டணத்தை 50 டொலராகக் குறைத்தார்கள். அதற்கு முன்னர் 650 டொலருக்கு மேல். இடியப்பம் அவித்துச் சம்பளம் வாங்கும் ஒருத்திக்கு அது இரண்டு கிழமைச் சாப்பாட்டுச் சாமான். அந்தச் செய்தியைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே கண் கலங்கியது.

2023 மே மாதம் வேலையைத் தொடங்கினேன். முதலாவது படி கைவிரல் அடையாளம். கனடாவின் மத்திய பொலிஸான ஆர்.சி.எம்.பி. அங்கீகரித்த நிலையத்தில் கொடுக்க வேண்டும், அது ஒட்டாவாவுக்குப் போகும், அங்கிருந்து உங்கள் முழுக் குற்றப்பதிவும் சான்றுப்படுத்தி வரும். நான் போன இடத்தில் விரலைக் கண்ணாடியில் வைத்து உருட்டினார்கள். இயந்திரம் ஏற்கவில்லை. திரும்பவும் உருட்டினார்கள், திரும்பவும் சிவப்பு. அந்தப் பையன் என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டான். பதின்மூன்று வருடமாகச் சுடுமா குழைத்து, உரல் பிழிந்து, பாத்திரம் கழுவி என் விரல் நுனியில் ரேகை தேய்ந்து போயிருந்தது. பெருவிரல் இரண்டும் வழுவழுவென்று இருந்தன. பத்து நாளைக்கு இரவில் வாசலீன் பூசிக் கையுறை போட்டுக்கொண்டு படுத்தேன், கடையில் மா குழைக்கிறதை இன்னொரு அக்காவிடம் கொடுத்தேன். இரண்டாம் தரம் எல்லா விரலும் பச்சை காட்டியது. சமையல், துப்புரவு, கட்டட வேலை செய்கிறவர்கள் போவதற்கு ஒரு கிழமைக்கு முன்னமே கைக்குக் களிம்பு பூசுங்கள்.

ஒட்டாவாவிலிருந்து வந்த தாளை எடுத்துக்கொண்டு நீதிமன்றம் போக வேண்டும். அதற்குள் எக்ளிண்டனில் இருந்த வழக்குகள் எல்லாம் நகர மத்தியில் ஆர்மரி வீதி 10ஆம் இலக்கத்துப் புதுக் கட்டடத்துக்குப் போயிருந்தன. ரொறன்ரோவில் பழைய நீதிமன்றம் ஒன்றில் வழக்கு நடந்தவர்கள் முதலில் கோப்பு எங்கே இருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போங்கள். அங்கே, பரோல் சபையின் நீதிமன்றத் தகவல் படிவத்தை நிரப்பி முத்திரை போட்டுத் தந்தார்கள். எந்த முறையில் வழக்கு நடந்தது, என்ன தண்டனை, எல்லாம் கட்டி முடிந்த திகதி எது என்பது அதில் வரும். என் படிவத்தில் 2018 ஏப்ரல் என்று இருந்தது. என்னிடம் ரசீதும் இருந்தது. இரண்டும் ஒத்துப்போனது.

அப்புறம் உள்ளூர் பொலிஸ் சோதனை. இதில்தான் நான் பிழை விட்டேன். கடந்த ஐந்து வருடத்தில் மூன்று மாதமோ அதற்கு மேலோ எங்கெங்கே வாழ்ந்தீர்களோ, அந்தந்த இடத்துப் பொலிஸிடமிருந்து தனித்தனியாக வேண்டும். நான் ரொறன்ரோ பொலிஸிடம் மட்டும் எடுத்தேன். 2020இல் கொரோனா நேரம் தங்கச்சி வீட்டில் ஏஜாக்ஸில் பதினொரு மாதம் இருந்ததை, விருந்துக்குப் போய் நின்றது போல நினைத்துவிட்டேன். ஆனால் முகவரி வரலாற்றில் அந்த மாதங்களை உண்மையாக எழுதியிருந்தேன். ஏஜாக்ஸ் பகுதிக்குப் பொறுப்பான டர்ஹம் பொலிஸின் சோதனை இல்லை என்று முழுக் கட்டும் தபாலில் திரும்பி வந்தது. அதை எடுக்கிற நேரத்துக்குள் மற்றப் பேப்பர் ஒன்றின் செல்லுபடிக் காலம் முடிந்துவிட்டது, அதையும் புதிதாக எடுக்க வேண்டி வந்தது. ஆகவே முதலில் ஒரு தாளில் ஐந்து வருட முகவரிகளையும் மாதக் கணக்கோடு எழுதிக்கொள்ளுங்கள். பேப்பர்களை நீண்ட இடைவெளி விட்டு எடுக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக எடுங்கள். எங்களைப் போல வெளிநாட்டில் பிறந்தவர்கள் குடியுரிமைச் சான்றின் அல்லது குடிவரவுப் பத்திரத்தின் பிரதியும் வைக்க வேண்டும்.

இதெல்லாம் அலைச்சல், அவ்வளவுதான். எனக்குக் கஷ்டமாக இருந்தது ஒரே ஒரு படிவம். பார்டன் உங்களுக்கு என்ன நன்மை தரும், வாழ்க்கையில் என்ன மாற்றம் செய்தீர்கள், குற்றம் எப்படி நடந்தது என்று உங்கள் வாயாலேயே கேட்கிற படிவம் அது. எனக்கு ஆங்கிலத்தில் அப்படி எழுத வராது. முதலில் தமிழில் எழுதினேன். நான்கு பக்கம். மொழிபெயர்க்க ஆள் வேண்டும். வெளியாளிடம் கொடுக்க மனம் வரவில்லை. மகளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. இடுப்பு வலி என்று சொன்ன பொய் ஐந்து வருடமாக எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் தாள்களை அவள் முன்னால் வைத்தேன். தமிழை மெதுவாக, எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். நான் அடுப்படிக்குப் போய், கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன். அரை மணித்தியாலம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு கூப்பிட்டாள்.

"அம்மா, மாமாவின்ர கதை மூண்டு பக்கம் இருக்கு. கடைக்காரரைப் பற்றி ஒரு வரிதான் இருக்கு."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. போர், பங்கர், அண்ணாவின் கடைசிப் பிள்ளை, ஃபோனில் கேட்ட ஷெல் சத்தம் எல்லாம் உனக்கு என்ன தெரியும் என்று வாய்வரை வந்தது. அவள் கோபமாகச் சொல்லவில்லை. தாளைக் காட்டி, "இதை வாசிக்கிற ஆள், நீங்கள் ஆரிட்டை எடுத்தனீங்கள் எண்டு யோசிக்கிறியளோ எண்டுதான் பாப்பினம்" என்றாள்.

அன்றிரவு நித்திரை வரவில்லை. கடை முதலாளி எனக்கு முதல் நாள் திறப்பைத் தந்த விதம் ஞாபகம் வந்தது. தன் சாவிக்கொத்திலிருந்து கழற்றித் தந்தார். வேறு பிரதி இல்லாததால் அடுத்த நாள் காலையில் நான் வந்து திறக்கும் வரை அவர் குளிரில் வெளியே நின்றார். அவருடைய மனைவிக்கு அந்த வருடம் சத்திரசிகிச்சை. நான் காசு எடுத்துக்கொண்டிருந்த மாதங்களில், கணக்கு ஏன் இடிக்கிறது என்று தெரியாமல் அவர் வேறு ஒரு பையனைச் சந்தேகப்பட்டு வேலையிலிருந்து நிறுத்தினார். அந்தப் பையனைப் பற்றி நான் எழுதிய நான்கு பக்கத்தில் ஒரு சொல்கூட இல்லை. பதினைந்து வருடத்தில் யாரிடமும் சொன்னதும் இல்லை.

அடுத்த நாள் புதிதாக எழுதினேன். ஒரு பக்கமும் கொஞ்சமும். என்ன செய்தேன், யாருக்கு அதனால் என்ன நடந்தது என்று எழுதினேன். வன்னியைப் பற்றி மூன்று வரி. பிறகு, இழப்பீடு கட்டிய விதம், அதே சமையலறையில் இத்தனை வருடம் வேலை, அங்கே இப்போது காசுப் பெட்டியும் என் பொறுப்பில் இருப்பது, கோயில் அன்னதானத்தில் சனிக்கிழமை வேலை, படித்து முடிக்க விரும்பும் படிப்பு. சொல்லியவற்றுக்கு முதலாளியிடமும் கோயில் நிர்வாகத்திடமும் கடிதம் வாங்கி இணைத்தேன். இப்போதைய முதலாளியிடம் ஏன் அந்தக் கடிதம் தேவை என்று சொல்ல வேண்டி வந்தது. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நீங்கள் எழுதித் தாங்கோ அக்கா, நான் கையெழுத்து வைக்கிறன்" என்றார். இல்லை, நீங்கள் உங்கள் சொல்லிலேயே எழுதுங்கள் என்று கேட்டேன். அந்தக் கடிதம்தான் மிக நன்றாக இருந்தது என்று மகள் சொன்னாள்.

மகள் மொழிபெயர்த்துத் தட்டினாள். ஒவ்வொரு வரியையும் எனக்குத் தமிழில் திரும்பச் சொல்லி, சரியா என்று கேட்டுக்கொண்டே தட்டினாள். அந்தப் பையன் விஷயம் வந்தபோது நிறுத்தி என்னைப் பார்த்தாள். "எழுது பிள்ளை" என்றேன்.

2024 பெப்ரவரியில் கட்டு இரண்டாம் முறை போனது. சமரி வழக்கு என்றால் ஆறு மாதத்துக்குள்ளும், இண்டைற்றபிள் என்றால் பன்னிரண்டு மாதத்துக்குள்ளும் முடிவு சொல்வார்கள். மறுக்கும் எண்ணம் இருந்தால் இரண்டு வருடம் வரை இழுக்கும், ஆனால் அதற்கு முதல் உங்களுக்கு அறிவித்து, உங்கள் பக்கத்தைச் சொல்லச் சந்தர்ப்பம் தருவார்கள். மறுத்தாலும் ஒரு வருடத்துக்குப் பிறகு திரும்ப விண்ணப்பிக்கலாம். அந்தக் காலத்தில் வேகத்துக்கு ஒரு டிக்கெட் வாங்கக்கூடப் பயந்தேன். நல்லொழுக்கத்தைப் பொலிஸிடமும் விசாரிப்பார்கள்.

டிசம்பரில் கடிதம் வந்தது. இவர்தான் தபால் பெட்டியிலிருந்து எடுத்து வந்தார், உறையைப் பிரிக்காமல் என் கையில் தந்தார். நான் வாசித்துவிட்டு அவரிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார். சாமியறையில் கொண்டுபோய் வைத்தார். 2010இல் தீர்ப்பு வந்த அன்றும் அவர் ஒரு சொல் பேசவில்லை. இரண்டு நாளும் சோறு போட்டு என்னைச் சாப்பிட வைத்தது அவர்தான்.

இதைக் கொண்டு என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதையும் சொல்ல வேண்டும். பதிவு அழிவதில்லை. மத்திய தரவுத்தளத்தில் மற்றப் பதிவுகளிலிருந்து பிரித்து ஒதுக்கி வைப்பார்கள். சாதாரண தேடலில் வராது. அதை வைத்து வேலையில் பாகுபாடு காட்டுவதைக் கனடாவின் மனித உரிமைச் சட்டமும் ஒன்ராறியோவின் சட்டமும் தடுக்கின்றன. பாலியல் குற்றங்களுக்கு மட்டும் பார்டன் எடுத்தாலும் ஒரு குறி இருக்கும், வல்னரபிள் செக்டர் சோதனையில் அது வெளிவரலாம். இன்னொரு குற்றத்தில் தீர்ப்பு வந்தால் பார்டன் பறிபோகலாம். அமெரிக்கா இதை ஏற்பதில்லை. உங்கள் பதிவை அவர்கள் ஒருமுறை பார்த்துவிட்டால் அவர்களின் கணினியில் அது நிற்கும், கனடா ஒதுக்கி வைத்தாலும் நிற்கும். நியூ ஜேர்சியில் மச்சாளின் மகளுக்குக் கலியாணம் நடந்தபோது நான் போகவில்லை. அதற்கு வேறாக ஒரு அனுமதி விண்ணப்பம் இருக்கிறது, காசும் காலமும் கூட.

நிரந்தர வதிவிடத்தில் இருப்பவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். நான் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது குடியுரிமை எடுத்திருந்தேன். எடுக்காமல் இருந்திருந்தால் நாடு கடத்தல் வரை போயிருக்கும். ஒரு குற்றத்துக்குச் சட்டத்தில் உள்ள உச்சத் தண்டனை பத்து வருடம் என்றால், உங்களுக்கு வீட்டுக்காவல் மட்டும் கிடைத்தாலும் குடிவரவுச் சட்டம் அதைப் பாரதூரமான குற்றம் என்றே எடுக்கும். 'சும்மா ஒப்புக்கொண்டு முடித்துவிடு' என்று யார் சொன்னாலும், குடிவரவு தெரிந்த சட்டத்தரணியிடம் கேட்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். பார்டன் கிடைத்துவிட்டால் அந்தக் குற்றத்தீர்ப்பை வைத்து உங்களை அனுமதிக்கத் தகாதவர் என்று சொல்ல முடியாது. ஆனால் அதற்கு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அதற்குள் குடிவரவு அலுவலகத்தின் கடிதம் வந்துவிடும்.

2025இல் திரும்பவும் பி.எஸ்.டபிள்யூ. வகுப்பில் சேர்ந்தேன். ஐம்பதைத் தாண்டிய மூன்று பேரில் நானும் ஒருத்தி. பொலிஸ் அறிக்கை வந்த நாள் உறையைக் கிழிக்கக் கை நடுங்கியது. உள்ளே எதுவும் இல்லை.

கடையில் டெலிவரி ஓடும் தம்பி ஒருவனுக்கு விஷயம் எப்படியோ காதில் விழுந்திருக்கிறது. ஒருநாள் பின்பக்கம் குப்பை கொட்டப் போனபோது வந்து நின்றான். "அக்கா, எனக்கும் ஒண்டு இருக்கு" என்றான். 2017இல் குடித்துவிட்டுக் கார் ஓட்டிய வழக்கு, சமரி. ஐந்து வருடம் எப்போதோ முடிந்துவிட்டது, படிவம் நிரப்ப மட்டும் உதவி வேண்டும் என்றான். தண்டப்பணம் எல்லாம் கட்டினாயா என்று கேட்டேன். கட்டினேன், தவணையில் கட்டினேன் என்றான். படிவத்தை விடு, முதலில் வா என்று சொல்லி, என் லீவு நாளில் சப்வேயில் ஆர்மரி வீதிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

வரிசை நீளம். எங்கள் முறை வந்தபோது அவன் என்னைப் பார்த்தான், நான் அவனையே பேசச் சொன்னேன். யன்னலுக்குள் இருந்தவர் தட்டிப் பார்த்துவிட்டு, கடைசித் தவணை 180 டொலர் கட்டப்படவில்லை என்றார். தம்பியின் கழுத்தில் நரம்பு எழும்பியது. எட்டு வருடம் அக்கா என்றான். தெரியும் என்றேன். கார்டைக் கொடுத்துக் கட்டினான். ரசீது வந்ததும் அதைக் கசக்கிச் சட்டைப் பைக்குள் வைக்கப் போனான். நான் வாங்கி நிமிர்த்தி, என் வகுப்புக் கொப்பிக்குள் தட்டையாக வைத்து, அன்றைய திகதியைப் பேனாவால் பெரிதாக அவன் கையாலேயே எழுத வைத்தேன்.